சுகர் நார்மல், சீரம் மட்டும் பால் போல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த உடல் பருமன் கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் பருமனாக இருப்பவர்கள் சர்க்கரையைக் கவனித்துக்கொண்டால் போதும் என்கிற தொனி அதில் இருந்தது. முப்பது வருடம் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தவன் என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரத்தத்தை உறையவிட்டு, சென்ட்ரிஃபியூஜ் என்கிற சுழற்றும் எந்திரத்தில் சுற்றி எடுத்தால் மேலே இளமஞ்சளாக, தெளிவாக ஒரு நீர் நிற்கும். அதுதான் சீரம். சிலருடையது மட்டும் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கியிருக்கும். டிரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு எகிறிப்போனவர்களுக்குப் பாலேதான். இத்தனைக்கும் வெறும் வயிற்றில் எடுத்த ரத்தம். இவர்களில் சர்க்கரை நோயாளிகள் நிறைய. ஆனால் தொப்பையைத் தடவிக்கொண்டே "எனக்கு சுகரெல்லாம் இல்லை சார்" என்று உற்சாகமாகச் சொல்லிவிட்டுப் போனவர்களுக்கும் குறைவில்லை.

நானும் அந்தக் கூட்டம்தான். எனக்கும் என் தம்பிக்கும் ஒரே எடை, 88 கிலோ. அவனுக்குப் பத்து வருடமாக சுகர். எனக்கு வெறும் வயிற்றில் 96. மொத்த கொலஸ்ட்ரால் இருவருக்கும் 190. "ரெண்டு பேருக்கும் இருநூறுக்குள்ளதான்" என்று வீட்டில் ஒரே சந்தோஷம். பிரித்துப் பார்த்தால் அவனுக்கு டிரைகிளிசரைடு 290, நல்ல கொழுப்பான எச்டிஎல் 31. எனக்கு 210, 37. டிரைகிளிசரைடு 150-க்குள் இருக்க வேண்டும். எச்டிஎல் ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50-க்குக் குறையக் கூடாது. கெட்ட கொழுப்பு எல்டிஎல்லோ என்னுடையதுதான் ஒரு பிடி கூட! அவன் போகிற பஸ்ஸில்தான் நானும் இருக்கிறேன், இரண்டு ஸ்டாப் தள்ளி ஏறியிருக்கிறேன், அவ்வளவுதான்.

வயிற்றுக் கொழுப்பு கூடக்கூட இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்காது. கணையம் கூடுதலாகச் சுரந்து சமாளிக்கிறவரை சர்க்கரை நார்மலாகவே காட்டும். ஈரல் அதற்குள்ளாகவே டிரைகிளிசரைடைத் தயாரித்து ரத்தத்தில் தள்ள ஆரம்பித்துவிடும். நம் ஆட்கள் எண்ணெயையும் முட்டையையும் நிறுத்திவிட்டு மூன்று வேளையும் அரிசியை வெளுத்துக்கட்டுவார்கள். அளவுக்கு மீறிய மாவுச்சத்தும் டிரைகிளிசரைடாகத்தான் மாறும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆதரவில் நாடு முழுக்க நடந்து, 2023-இல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய்; வயிற்றுப் பருமன் 39.5 சதவீதம் பேருக்கு. தொப்பை இருந்தும் சுகர் இல்லாதவர்கள்தான் பெருங்கூட்டம். உங்கள் கட்டுரை விட்டுவிட்டது அவர்களைத்தான்.

அப்புறம், கட்டுரையில் பருமனுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற கணக்கு) 30 என்று போட்டிருந்தீர்கள். அது வெள்ளைக்காரர்கள் கணக்கு, நமக்கு 25. அடுத்த இதழில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தியிலாவது இதைத் திருத்தி, இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்றும் போடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப் வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேன்ட் சைஸைச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். நாமெல்லாம் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழேதானே போடுகிறோம்?

– ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர், விருதுநகர்