இடது கை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுறேன். இங்க எல்லாரும் சுகம். நீ சுகமான்னு அடுத்து எழுதணும், அதுதான் வழக்கம். கேட்டா "நல்லாருக்கேம்மா"ன்னுதான் சொல்லப்போற. அதனால கேக்கல.

பாம்பன்ல கச்சான் காத்து போட்டு அடிக்குது. தென்கடல்ல இறங்க முடியல, அப்பா வடகடலுக்குத்தான் போயிட்டு வர்றாரு. நண்டு கொஞ்சம் பட்டுச்சு. சித்தப்பா விஷயம் அப்படியேதான் கிடக்கு, எழுத ஒண்ணுமில்ல. சின்னவ பதினொண்ணாப்பு சேர்ந்துட்டா. கொல்லையில முருங்கை சாஞ்சிருச்சு. வேற என்ன.

வீடியோவுல பேசுனியே, ரெண்டு ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி. பேச்சோட பேச்சா தண்ணி பாட்டிலை எடுத்த. இடது கக்கத்துல இடுக்கிக்கிட்டு வலது கையால மூடியைத் திருகுன. திறந்ததும் என்னைப் பார்த்துச் சிரிச்ச. அப்பா பக்கத்துல உக்காந்திருந்தாரு, நான் ஒண்ணும் கேக்கல. அதுக்கப்புறம் போன் எடுக்கல நீ. "பிராக்டீஸ்ல இருக்கேன்"னு எழுத்துல மட்டும் வருது. கை நல்லா இருக்கிறவன் பிராக்டீஸ் முடிஞ்சு ஒரு நிமிஷம் பேச மாட்டானா?

சித்திரைக்கு வந்தப்ப உலக்கையை எடுத்து எனக்குப் பேஸ்பால் பேட் பிடிக்கிறது எப்படின்னு காட்டுனது ஞாபகம் இருக்கா? வலது கைக்காரன் இடது கையைக் கீழ வைக்கணும், கைப்பிடி நுனியில இருக்கிற குமிழ் உள்ளங்கையோட ஓரத்துல அண்டி நிக்கும்னு சொன்ன. எறியிறவனுக்கும் அடிக்கிறவனுக்கும் நடுவுல அறுபது அடி ஆறு அங்குலம்னு நம்ம வாசல்லருந்து அளந்து, கிணத்தைத் தாண்டிப் போய் நின்ன. பந்து மணிக்கு 145 கிலோமீட்டர்ல வந்தா 0.4 செகண்டுல வந்துருமாம். கண்ணைச் சிமிட்டி முடிக்கிறதுக்குள்ளன்னு சொல்லிச் சின்னவ கண்ணு முன்னாடி விரலைச் சொடக்குன. அன்னைக்கும் உலக்கையை ஒரு தடவைதான் சுத்துன. ரெண்டாவது தடவை சுத்தச் சொன்னப்ப, பசிக்குதுன்னு உள்ள போயிட்ட.

சின்னவளை உக்காத்தி வச்சுப் போன்ல பார்க்கச் சொன்னேன். உள்ளங்கையில சுண்டுவிரல் பக்கம், மணிக்கட்டை ஒட்டி ஒரு எலும்பு இருக்காம், ஹமேட்டுன்னு பேரு. அதுல தூண்டில் முள்ளு மாதிரி ஒரு கொக்கி நீட்டிக்கிட்டு இருக்கும். பேட்டோட குமிழ் சரியா அந்த எடத்துலதான் போய் இடிக்குமாம். வருஷக்கணக்கா இடிச்சு இடிச்சு, ஒரு நாள் ஓங்கிச் சுத்துறப்ப பட்டுன்னு போயிரும். சாதா எக்ஸ்ரேயில நெறைய நேரம் தெரியாதாம். சுளுக்குன்னு சொல்லி அனுப்பிருவாங்க. சி.டி. ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும். நீ சி.டி. எடுத்தியா?

அப்படியே விட்டா சுண்டுவிரலை மடக்குற தசைநாரு அந்த ஒடிஞ்ச முனையில உரசி உரசி அறுந்துருமாம். கயிறு கல்லுல உரசுனா என்ன ஆகும்னு உனக்கு நான் சொல்லணுமா?

ஆட்டத்துக்கு என்ன ஆகும்னும் வாசிச்சுக் காட்டுனா. கீழ்க்கை மணிக்கட்டுதான் பேட்டைக் கடைசி நிமிஷம் வரைக்கும் பின்னால பிடிச்சு வச்சிருந்து சட்டுன்னு விடணுமாம். வலிக்கிற கை அதைச் செய்யாது. பேட்டு இழுபட்டுக்கிட்டு மெதுவாத்தான் வரும். அதைச் சரிக்கட்ட நீ முன்னாடியே சுத்த ஆரம்பிப்ப. எறியிறவன் மெதுவா ஒண்ணை விட்டா ஏமாந்துருவ. பந்து பட்டாலும் தூரம் போகாது. "பவுலாவே போகுதும்மா, கோட்டுக்கு வெளியதான் விழுது, நேரா அடிக்கவே வர மாட்டேங்குது"ன்னு பங்குனியில நீ சொன்னப்ப, ஒழுங்கா சாப்பிடு, சரியாயிரும்னேன். சாப்பாட்டுல என்ன இருக்கு.

அமெரிக்காவுல மைக் ட்ரவுட்டுன்னு ஒரு பேஸ்பால் ஆட்டக்காரர். 2023 ஜூலையில ஒரு பந்தைப் பவுல் அடிக்கிறப்ப இதே இடது கை, இதே எலும்பு. ஆபரேஷன் பண்ணி ஏழு வாரத்துல திரும்பி வந்தாரு. ஒரே ஒரு ஆட்டம் ஆடினாரு. வலி தாங்கல, அந்த வருஷம் அதோட சரி. அவ்வளவு பெரிய ஆளு, சுத்தி அத்தனை டாக்டர், அவருக்கே அவசரம் ஆகல. அங்கயே ஆடுன கென் கிரிஃபி ஜூனியருக்கு 1996ல இதே எலும்புதான். குணமாகித் திரும்பி வந்து, அந்த வருஷமே 49 ஹோம் ரன் அடிச்சாராம். ஒடிஞ்ச கொக்கியை எடுத்துட்டாலும் பிடிமானம் திரும்பி வருதாம். மூணாவதா ஒருத்தர் பேரை வாசிக்க ஆரம்பிச்சா. ரெண்டு வரி கேட்டுட்டு, போதும், மூடுன்னுட்டேன்.

சி.டி. எடு தம்பி.

நீ மாவட்ட டீம்ல வந்தப்ப பேப்பர்ல போட்டோ வந்துச்சே, அது இன்னும் சாமி படத்துக்குப் பக்கத்துலதான் ஒட்டியிருக்கு. உப்புக் காத்துல முகம் வெளுத்துருச்சு, பேட்டு மட்டும் தெளிவா தெரியுது. கடல்பாசி எடுக்க வர்ற பொம்பளைங்க எல்லாருக்கும் காட்டியிருக்கேன். கிரிக்கெட்டான்னு கேப்பாங்க. இல்ல, இது வேறன்னு சொல்றதுல எனக்கு ஒரு கர்வம். அப்பேர்ப்பட்ட பிள்ளை பெத்தவகிட்டயே கையை மறைக்கிறான்னு நெனைச்சு நாலு நாள் உன் மேல கோவமா இருந்தேன். மறைக்கிறது யார் கத்துக்குடுத்த புத்தின்னு அப்பாகிட்ட சத்தம் போட்டேன். அவரு ஒண்ணும் சொல்லல, வலையைப் பார்த்துக்கிட்டே இருந்தாரு.

கத்துக்குடுத்தது நான்தான்.

மாசியில நீ போன் பண்ணி, "அம்மா, உள்ளங்கையில குத்துது, பந்து பட்டா உயிர் போகுது"ன்னு சொன்ன. மேல எழுதுனதை எல்லாம் இப்பத்தான் கண்டுபிடிச்ச மாதிரி எழுதியிருக்கேன். எனக்கு மாசியிலயே தெரியும். செலக்சன் முடியிற வரைக்கும் யார்கிட்டயும் வாயைத் திறக்காத, எண்ணெய் போட்டு நீவிக்கோன்னு சொன்னது நான். உன் கை என் மனசுல வரவே இல்ல அப்ப. குழுக் கடன் தவணைதான் வந்துச்சு. ஸ்போர்ட்ஸ் கோட்டா போனா ஹாஸ்டல் சாப்பாடு போகும், வேலை போகும், எட்டு மாசத்துல கட்டிருவேன்னு நான் சொன்ன வாக்குப் போகும். இதெல்லாம் ஒரு நிமிஷத்துல கணக்குப் போட்டு முடிச்சிட்டுத்தான், "ரொம்ப வலிக்குதா"ன்னு கேட்டேன். நீ இல்லன்னுட்ட.

என் வலது கை சுண்டுவிரல் ஏன் மடங்காதுன்னு சின்ன வயசுல கேப்ப. திருக்கை குத்துச்சுன்னு சொல்லி வச்சிருந்தேன். அது பொய். நீ ஆறாப்பு படிக்கிறப்ப, மரிக்கொழுந்துப் பாசியைக் கல்லுலருந்து முறுக்கி இழுக்குறப்ப மணிக்கட்டு பிசகிருச்சு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இருக்கிற நாலஞ்சு நாள்லதான் நாலு காசு பார்க்கலாம். கை சரியில்லன்னு தெரிஞ்சா படகுல ஏத்த மாட்டாங்கன்னு, வீக்கத்து மேல துணியைச் சுத்திக்கிட்டு இறங்குனேன். எல்லாரும் விரல்ல துணி சுத்துவாங்க, நான் முழங்கை வரைக்கும் சுத்துனேன், யாரும் கேக்கல. ரெண்டு மாசம். மறைச்ச கை என்ன ஆகும்னு என் கையைப் பார்த்தே எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே உன்னையும் மறைக்கச் சொன்னேன்.

கோச்சர்கிட்ட நாளைக்கே சொல்லு. அவரு திட்டினா, எங்கம்மாதான் சொல்ல வேணாம்னாங்கன்னு என் பேரைச் சொல்லு. கோட்டாவை எடுத்தா எடுக்கட்டும். தவணை என் பாடு, நான் குழுவுல பேசிட்டேன். எப்படிப் பேசினேன்னு கேக்காத.

இப்பத்தான் ராமேஸ்வரம் வரைக்கும் ரயில் வருதே, சேது எக்ஸ்பிரஸ்ல புதன்கிழமை ஏறுறேன். நீ வராதன்னு சொன்னாலும் வருவேன். சி.டி. எடுக்காம இருந்தா நானே கூட்டிட்டுப் போயி எடுப்பேன், ஊர் பார்க்க.

நெத்திலிக் கருவாடு ஒரு டப்பாவும் இட்லிப் பொடி ஒரு டப்பாவும் அதுக்கு முன்னாடியே பார்சல்ல வரும். ரெண்டு மூடியையும் லூசாத்தான் வச்சிருக்கேன். மேல ரப்பர் பேண்டு மட்டும் போட்டிருக்கு, ஒரு கையாலயே எடுத்துரலாம்.

அம்மா