ஜாக்கி ஏற்றுவதற்கு முன் இதைப் படி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இந்தப் பெட்டியில் நம் மாருதி 800-இன் ஸ்டெபிலைசர் ராடுக்கான (முன்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் கம்பி) ரப்பர் புஷ் செட், வாஷர்கள், இரண்டு புதிய காசில் நட்டு (தலையில் வெட்டுகள் உள்ள நட்டு), தனிப் பொட்டலத்தில் அந்த நட்டு கழலாமல் குத்தும் ஸ்ப்ளிட் பின்கள் ஆகியவை இருக்கின்றன. எல்லாம் ஜி.பி. ரோட்டில் கேட்டு வாங்கிய புதுச் சாமான்கள். புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைத்திருக்கும். ஆனால் பழைய இரும்பை நம்பலாம், பழைய ரப்பரை நம்பக் கூடாது. போனில் சொல்லத் தொடங்கினால் ‘சரிப்பா, சரிப்பா’ என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். எதையும் கழற்றுவதற்கு முன் முழுவதையும் படித்துவிடு.

வண்டிச் சத்தத்தைப் பிடித்து நீ அனுப்பிய வீடியோவைக் காதருகில் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ஸ்ட்ரட்டையோ (ஷாக் அப்சார்பர் தண்டு) அதன் மேல் மவுண்டையோ சந்தேகப்படலாம். பிரேக் போடும்போது ஒரு ‘டொக்’, மறுபடி எடுக்கும்போது இன்னொரு ‘டொக்’ என்றால், சக்கரம் முன்னும் பின்னும் நகர்கிறது என்று பொருள். ஷாக்தான் போய்விட்டது என்று உன் அலுவலகத்துக்காரர்கள் சொல்ல, நீ மட்டும் ராடின் முனையைக் காட்டிக் கேட்டாய் அல்லவா, அதை அம்மாவிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன். பல வண்டிகளில் இந்த ராடு வளைவில் வண்டி சாயாமல் பார்த்துக்கொள்வதோடு சரி. லூசானால் சத்தம் போடும், அவ்வளவுதான். நம் 800-இல் அது சக்கரத்தை முன்பின் நகராமல் பிடிக்கும் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. ராடின் முனை, சக்கரத்தைக் கீழே பிடிக்கும் லோயர் ஆர்முக்குள் நுழைந்து, புஷ்ஷும் வாஷரும் போட்டு, காசில் நட்டால் இறுக்கி, ஸ்ப்ளிட் பின் குத்தப்பட்டிருக்கும். அந்த நட்டு போனால் கடையாணி கழன்ற வண்டிதான். பொங்கலிலிருந்தே சத்தம் இருக்கிறது என்று இப்போது சொல்கிறாய். அந்த வண்டியிலேயே லாரிகளுக்கு நடுவில் அத்திப்பள்ளி வரை தினமும் போய் வந்திருக்கிறாய்.

புஷ்தான் என்று முடிவு கட்டுவதற்கு முன் மற்றவற்றையும் சோதித்துவிட வேண்டும். சக்கரத்தைத் தூக்கியபின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயிண்ட்டோ (ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் உருண்டை மூட்டு) பேரிங்கோ ஆடுவது தெரியும். அப்போது ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க, ஆட்டம் நின்றுவிட்டால் குற்றம் பேரிங்கில். மிதித்தும் ஆடினால் பால் ஜாயிண்ட்டில். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால், ஸ்டியரிங்கோடு சக்கரத்தை இணைக்கும் டை ராடு முனை ஆடுவது தெரியும். இந்தச் சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவரால் பிரேக்கை மிதித்துக்கொண்டே சக்கரத்தை ஆட்ட முடியாது. வீடியோவில் சக்கரத்தின்மேல் உன் இரண்டு கைகளும் இருந்தன. படம் கோணலாக இருந்ததால் கைபேசியைத் தண்ணீர்க் கேனில் சாய்த்து வைத்திருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன். பின்னால், மாப்பிள்ளை பைக் நிறுத்தும் இடத்தில் யாருடையதோ ஒரு ஸ்கூட்டி நின்றது. அவர் வேலைக்குப் போயிருப்பார். ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருக்கத்தான் செய்யும். நான் சொல்ல வருவது, சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும் என்பது மட்டுமே.

ஜாக்கி விஷயத்தை நீ அறிவாய், இருந்தாலும் சொல்கிறேன். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை முழுவதும் இழுத்து, பின்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கல் கொடு. கியரில் போட்டிருக்கிறேன் என்று இருந்துவிடாதே. இது முன்சக்கரம் இழுக்கும் வண்டி. முன்பக்கம் தூக்கியபின் கியர் எதையும் பிடிக்காது. வண்டியைத் தாங்கி நிற்பவை ஹேண்ட் பிரேக்கும் அந்தக் கற்களுமே. வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திவிடு. டிக்கியில் இருக்கும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்காகக் கொடுத்தது. அதை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகாதே. ஜாக்கி ஸ்டாண்டு வைத்தபின், கழற்றிய சக்கரத்தையும் படுக்கவைத்து வண்டியின் ஓரத்துக்கு அடியில் தள்ளிவிடு. ஹாலோ பிளாக் வேண்டவே வேண்டாம், அது விரிசல் காட்டாமல் திடீரென்று நொறுங்கும். ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையின் போகி ஷாப்பில் அத்தனை கிரேன் இருந்தும், தனியாளாக எதற்கு அடியிலும் நான் தலையை நுழைத்ததில்லை. பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். அவர் ஒன்றும் செய்ய வேண்டாம், நின்றால் போதும்.

ஒரு பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு நட்டில் கை வைக்காதே. ஒரு சக்கரம் தரையிலும் மற்றொன்று அந்தரத்திலும் இருந்தால் ராடு முறுக்கிக்கொண்டு நிற்கும். நட்டு வெளிவந்ததும் அது எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது, திரும்பப் பூட்டும்போது ஓட்டைக்கு நேராகவும் வராது. முன்பக்கம் இரண்டையும் ஒரே உயரத்தில் தூக்கி இரண்டு ஸ்டாண்டில் நிறுத்து.

நட்டு எளிதில் வராது. 2004-இல் வாங்கியதிலிருந்து நீ ஓட்டிக்கொண்டு போகும் வரை அந்த வண்டி காசிமேட்டு உப்புக் காற்றில்தான் நின்றது. முந்தின நாள் இரவே கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துருவை எடுத்து, துரு இளக்கும் எண்ணெயை நட்டின்மேல் மட்டும் விடு. புஷ்ஷின்மேல் மண்ணெண்ணெயோ கிரீஸோ படக் கூடாது, ரப்பர் ஊதிப்போகும். புதுப் புஷ்ஷை ஏற்றச் சோப்புத் தண்ணீர் போதும். பழைய ஸ்ப்ளிட் பின் உள்ளேயே உடைந்துவிட்டால் நட்டைப் பலமாகத் திருகாதே, மரை போய்விடும். சின்னத் துளைக்கருவியால் பின்னை எடுத்துவிட்டுத் திருகு. கழற்றியபின் லோயர் ஆர்மின் ஓட்டையில் விரலை விட்டுச் சுற்றிலும் தடவிப் பார். ஒரு பக்கம் நீண்டு முட்டை வடிவமாகியிருந்தால் புதுப் புஷ் போட்டுப் பயனில்லை, ஆர்மையே மாற்ற வேண்டும். அப்படி இருந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு எனக்குச் சொல். பணம் அனுப்புகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே. நல்ல மெக்கானிக் ஒருவரிடம் விடலாமே என்று கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. நானும் அதைத் தோண்டவில்லை. ஆர்மின் விலை என் பென்ஷனுக்குப் பெரிதில்லை.

பூட்டும்போது பலர் செய்யும் தவறு, சக்கரம் தொங்கும் நிலையிலேயே எல்லாவற்றையும் இறுக்கிவிடுவது. அப்படி இறுக்கினால் வண்டி தரையில் இறங்கியதும் புஷ் முறுக்கிக்கொண்டு, சில மாதங்களில் கிழிந்துவிடும். முனை நட்டுகளையும் பாடியில் பிடிக்கும் நடு பிராக்கெட்டுகளையும் முதலில் பிடிமானத்துக்கு மட்டும் பூட்டிவிட்டு, சக்கரங்களை மாட்டி, இறக்கும்போதே அவற்றுக்கு அடியில் தடித்த பலகை கொடுத்துவிட்டால் கை நுழைய இடம் கிடைக்கும். வீல் நட்டுகள் நான்கையும் எதிரெதிராக இறுக்கு. பானெட்டை இரண்டு மூன்று முறை அழுத்திவிட்டு, எடை சக்கரத்தில் இருக்கும்போது, மானுவலில் போட்டிருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) ராடை இறுக்கு. ஸ்ப்ளிட் பின் துளையும் நட்டின் வெட்டும் நேராக வராவிட்டால் இன்னும் சிறிது இறுக்கி நேராக்க வேண்டும்; ஒருபோதும் பின்னால் தளர்த்தி நேராக்காதே. பழைய ஸ்ப்ளிட் பின்னை நிமிர்த்தி மறுபடி குத்தாதே. அதற்காகத்தான் பொட்டலத்தில் கூடுதலாகப் போட்டிருக்கிறேன். நூறு கிலோமீட்டர் ஓடியபின் வீல் நட்டையும் பிராக்கெட் போல்ட்டுகளையும் மறுபடி இறுக்கிப் பார்த்து, வீல் அலைன்மென்ட்டுக்கு விடு.

இங்கே எல்லாரும் நலம். அம்மா வெள்ளிக்கிழமை வடிவுடையம்மன் கோயிலுக்குப் போனபோது இரண்டு பேர் பெயருக்கும் அர்ச்சனை செய்தாள். அத்தை வீட்டுப் பேச்சு அப்படியே நிற்கிறது, அதை நீ வரும்போது பேசிக்கொள்ளலாம்.

ஜாக்கி ஸ்டாண்டு இரண்டும் கனம் என்பதால் பார்சலில் வைக்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் சின்னவன் கொண்டு வருவான். அதுவரை வண்டியைத் தூக்காதே, ஓட்டவும் ஓட்டாதே. அவனுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது என்று நீ சிரிப்பாய். ஜாக்கி பக்கத்தில் நிற்கத் தெரியும், பிரேக்கை மிதிக்கத் தெரியும். வேறு எதையும் உன்னிடம் கேட்கக் கூடாது என்று அவனிடம் சொல்லித்தான் அனுப்புகிறேன். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வான். மாப்பிள்ளை ஊரில் இருந்தால் மூன்று பேராகச் செய்யுங்கள், வேலை சீக்கிரம் முடியும்.

கழற்றிய பழைய புஷ்களைக் குப்பையில் போடாதே. எது இடது, எது வலது என்று தாளில் எழுதிச் சுற்றிச் சின்னவனிடம் கொடுத்தனுப்பு. எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா