முந்நூற்று நாலு ஆட உட்காரும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

வரும் ஞாயிறு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உன் மாமனார் வீட்டு மேசையில் நாலாவது ஆளாக உன்னை உட்காரச் சொல்லியிருக்கிறார்களாம். சந்தோஷம். ரயில்வே வேலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கும் வீடு அது. அங்கே முந்நூற்று நாலு என்ற இந்தச் சீட்டாட்டத்தை விளையாட்டாக ஆட மாட்டார்கள். மலையாள நண்பர்களோடு இருபத்தெட்டு ஆடியிருக்கிறாய் அல்லவா? எந்தச் சீட்டு எதை வெல்லும் என்ற வரிசை அதேதான், புள்ளி மட்டும் வேறு.

52 சீட்டில் இரண்டிலிருந்து ஆறு வரை எடுத்துவிட்டால் 32 மிஞ்சும். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2. எட்டும் ஏழும் வெறும் சீட்டு. ஹார்ட், ஸ்பேட் போன்ற ஒரு இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் சேர்த்து 304. இதில் நாலு ஜாக்கும் நாலு ஒன்பதும் மட்டுமே 200. யார் கையில் எத்தனை ஜாக் என்ற கணக்கை ஆட்டம் முடியும்வரை விடாதே.

எதிரெதிரே இருப்பவர்கள் ஜோடி. சீட்டுப் போடுவதும் இறக்குவதும் வலப்பக்கமாகச் சுற்றும். முதலில் ஆளுக்கு நாலு சீட்டு. அந்த நாலை வைத்தே கேள்வி கேட்க வேண்டும், அதாவது இத்தனை புள்ளி எடுப்போம் என்று சொல்ல வேண்டும். 160இல் தொடங்கிப் பத்துப் பத்தாக ஏறும். உன் ஜோடி கேட்டதற்கு மேல் நீ கேட்பதானால் 200ஆவது கேட்க வேண்டும் என்பது பெரும்பாலான மேசைகளில் வழக்கம். புதிதாக வருபவர்கள் சறுக்குவது இங்கேதான். இரண்டு ஜாக்கைப் பார்த்ததும் 200 என்று விடுவார்கள். 200 கேட்டால் எதிராளிக்கு 104க்கு மேல் போகக்கூடாது. மூன்று ஜாக்கும் ஒரு ஒன்பதும் அவர்களிடம் போனாலே 110, கேள்வி உடைந்தது. ஒரே இனத்தில் ஜாக், ஒன்பது, கூட இன்னொரு சீட்டு என்று இருந்தால் 160 தாராளமாகக் கேள். வெவ்வேறு இனத்து ஜாக் இரண்டு மட்டும் என்றால் பொறு. தோற்றால் கொடுப்பது வென்றால் வாங்குவதைவிட அதிகம்.

அதிகமாகக் கேட்டுக் கேள்வி எடுத்தவர், துருப்பு இனத்தில் (மற்ற இனங்களை வெட்டும் இனம்) ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். அதன் பிறகே மீதி நாலு சீட்டு வரும். நீ வைப்பதானால் ஜாக்கை வைக்காதே, சின்னதை வை. கவிழ்ந்து கிடக்கும் ஜாக், எதிராளி தெரியாமல் அதே இனத்தை இறக்கும்போது உனக்கு உதவாது.

இனி ஆட்டத்தின் உயிருக்கு வருகிறேன். துருப்பு மூடியிருக்கும்வரை அது எந்த இனம் என்று வைத்தவரைத் தவிர யாருக்கும் தெரியாது, அவர் ஜோடிக்கும் தெரியாது. இறக்கிய இனம் கையில் இல்லாதவர் ஏதாவது ஒரு சீட்டைக் கவிழ்த்துப் போடுவார். நாலு சீட்டும் விழுந்ததும் துருப்பு வைத்தவர் மட்டும் கவிழ்த்தவற்றைப் பார்ப்பார். அதில் துருப்பு இருந்தால் எல்லோருக்கும் காட்ட வேண்டும். அந்த வெட்டுக்கே பிடி (அந்தச் சுற்றில் விழுந்த நாலு சீட்டும்) போகும், கவிழ்ந்திருந்த துருப்பும் வைத்தவர் கைக்குத் திரும்பும். இல்லையென்றால் பேசாமல் மூடியபடியே பிடியோடு சேர்த்துவிடுவார்.

ஆகவே உன் ஜோடி கேள்வி எடுத்திருந்தால் துருப்பை நீ ஊகிக்க வேண்டும். அவர் பெரும்பாலும் ஜாக்கையோ ஒன்பதையோ நம்பித்தான் கேட்டிருப்பார். எனவே எந்த இனத்தின் ஜாக்கும் ஒன்பதும் உன்னிடம் இருக்கிறதோ, அது துருப்பாக இருப்பது அரிது. அவர் தானாக இறக்காமல் தவிர்க்கும் இனத்தையும் கவனி. பிடி அவருக்குப் போவது உறுதியென்றால், கவிழ்க்கும்போது ஏஸையோ பத்தையோ போட்டுப் புள்ளி ஏற்று. எதிராளிக்குப் போகிறதென்றால் ஏழு, எட்டைத் தள்ளு. இதைத் தலைகீழாகச் செய்துதான் பலர் 20, 30 புள்ளியைக் கைவிடுகிறார்கள்.

கையில் இனம் இருக்கும்போது கவிழ்க்கவே கூடாது. அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது, கடைசியில் சீட்டை விரிக்கும்போது தெரியும். அந்த ஆட்டத்தை உங்கள் ஜோடி இழந்துவிடும். இரண்டு சீட்டு ஒட்டிக்கொண்டு ஒன்று மறைந்திருந்தாலும் இதே கதிதான். அதனால் எட்டு சீட்டையும் வாங்கியதும் இனம் இனமாக அடுக்கி ஒருமுறை எண்ணிவிட்டு உட்கார்.

அன்புடன்,
உன் அண்ணன்