கட்டி முடித்த கைப்பேசிக் கோபுரத்தை இயக்கக் கோரும் மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்
அனுப்புநர்: கொடைக்கானல் மேல்மலைப் பூண்டு விவசாயிகள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே கோரிக்கையை மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் கிராம சபையிலும் ஏற்கெனவே கொடுத்துள்ளோம். ஒப்புகைச் சீட்டுகள் கைவசம் உள்ளன. பதில் வரவில்லை.

1. கோபுரம் எழுப்பிவிட்டார்கள், மின் இணைப்பு தரவில்லை. வேலிக்குள் புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டது. மன்னவனூர் சாலையில் வந்தபோது தாங்களே பார்த்திருப்பீர்கள்.

2. புவிசார் குறியீடு பெற்ற எங்கள் மலைப்பூண்டுக்கு விலை வைப்பது வடுகபட்டி சந்தை. அன்றைய விலை என்னவென்று எங்களுக்குத் தெரிய வழியில்லை. வாசலுக்கு வரும் வியாபாரி சொல்வதே விலை. தாளோடு முடிச்சுப் போட்டுப் பரணில் தொங்கவிட்டு, புகை மூட்டிக் காத்து வைத்த பூண்டு ஐயா! போன பருவத்தில் "சந்தை விழுந்துவிட்டது" என்று சொல்லி கிலோ 120 ரூபாய்க்கு ஏற்றிச் சென்றார். மறுநாள் பஸ்ஸில் வந்தவர்கள் சொன்ன பிறகே, அதே தரம் 190 ரூபாய்க்குப் போனது தெரிந்தது. விதைப்பூண்டுக்கு முன்பணம் கொடுத்தவரும் அவரே என்பதால் எதிர்த்துக் கேட்க வாய் எழவில்லை. விலை விசாரிக்க ஊருக்கு மேலே உள்ள பாறையில் ஏறி நிற்க வேண்டும். அங்கும் பேச்சு பாதியில் அறுந்துவிடும். மழை நாளில் அந்தப் பாறையில் கால் வைக்க முடியாது. வயதானவர்களும் கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்களும் எப்படி ஏறுவார்கள்?

3. அரசின் வேளாண் கைப்பேசிச் செயலியான உழவன் செயலியில் விலை பார்க்கச் சொல்கிறார்கள். சிக்னல் இல்லாமல் எதில் பார்ப்பது?

4. வட கேரளக் கடற்கரையில் 1997 முதல் 2001 வரை கைப்பேசிச் சேவை பரவியபோது நடந்ததைப் பொருளியல் ஆய்வாளர் ராபர்ட் ஜென்சன் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அதற்கு முன், ஒரு கரையில் வாங்க ஆளின்றி மத்தி மீனைக் கொட்டினார்கள். சில கிலோமீட்டர் தள்ளி வாங்குவோர் மீனில்லாமல் நின்றார்கள். கைப்பேசி வந்தபின் படகிலிருந்தே விலை கேட்டுக் கரை சேர்ந்தார்கள். மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. கடலில் போகும் படகுக்கு அன்றே கிடைத்தது, இத்தனை ஆண்டு கழித்தும் எங்கள் ஊருக்கு ஏன் கிடைக்கவில்லை? யார் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது?

கோபுரத்தை இயக்கித் தாருங்கள் ஐயா. புதிதாக எதுவும் கட்டக் கேட்கவில்லை. மின் இணைப்பு எந்தத் தேதியில் என்று எழுத்தில் தெரிவியுங்கள். அடுத்த பூண்டு பறிப்புக்கு முன் இயக்கித் தருமாறு மீண்டும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்