ஐ-லீக் பட்டக் கல்வெட்டுச் சுவர்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு, திருப்பணிக் குழுவின் வணக்கம்.

நமது மைதானத்தின் கிழக்கு மதிலில், சென்னை சிட்டி எஃப்.சி. கால்பந்து அணி 2018-19 ஐ-லீக் (தேசியக் கால்பந்து லீக்) பட்டம் வென்ற பருவத்துக்கான கல்வெட்டுச் சுவர் வேலை முழுதாக முடிந்துவிட்டது. மாசியில் தொடங்கிய வேலை சித்திரையில் முடிந்திருக்க வேண்டும். ஒரு கல்லை இரண்டாம் முறை வெட்ட வேண்டி வந்ததால் வைகாசிக் கடைசிவரை இழுத்தது. செய்த வேலை, செலவான பொருள், இடையில் வந்த தவறுகள், இனி வேண்டிய பராமரிப்பு ஆகியவற்றை இங்கே தருகிறோம். ரூபாய்க் கணக்கு தணிக்கை முடிந்ததும் தனித்தாளாக வரும்.

பெயரில் சென்னை இருக்கும் அணிக்குக் கோவையில் எதற்குக் கல்வெட்டு என்று சில உறுப்பினர்கள் எழுதியிருந்தார்கள். 1946-ல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற பெயரில் சென்னையில் பிறந்த அணிதான் அது. ஆனால் பட்டம் வென்ற பருவத்தில் அதன் சொந்த மைதானம் கோவை நேரு விளையாட்டரங்கம். ஐ-லீக் பட்டம் தமிழ்நாட்டு அணி ஒன்றுக்கு முதல்முறையாகக் கிடைத்த ஆட்டமும் அங்கேதான் நடந்தது. 2021-22 ஐ-லீகில் அந்த அணி இல்லை. களத்தில் இல்லாத அணியின் சாதனை நினைவில் தங்க, ஆடிய ஊரில் ஒரு இடம் வேண்டும். விளையாட்டரங்கம் பொதுச் சொத்து. அங்கே நிரந்தரமாகக் கல் பதிக்க நமக்கு உரிமை இல்லாததால், பிள்ளைகள் தினமும் பயிற்சிக்கு வரும் நம் மைதானத்தையே தேர்ந்தெடுத்தோம்.

கற்கள் ஏழு. ஒவ்வொன்றும் 2 அடி அகலம், 4 அடி உயரம், 20 மி.மீ. கனமுள்ள கருங்கிரானைட். ஒரு கல்லின் எடை சுமார் 40 கிலோ. முதல் கல்லில் அணியின் பெயரும் பட்டமும் இருக்கின்றன. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் 20 ஆட்டங்களின் முடிவுகள், கல்லுக்குப் பத்தாக வெட்டப்பட்டுள்ளன. நான்காவதில் 11 அணிகளின் புள்ளிப் பட்டியல். ஐந்தாவதில் ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர் பெயர்கள். ஆறாவது கல் முழுக்க 2019 மார்ச் 9 ஆட்டத்துக்கு. ஏழாவதில் அதற்குப் பிறகு நடந்தவை: சூப்பர் கோப்பை அரையிறுதி, ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் 0-1 தோல்வி.

தோல்விகளைக் கல்லில் ஏற்ற வேண்டுமா என்ற கேள்வி குழுவுக்குள்ளேயே எழுந்தது. வேண்டும் என்றே முடிவானது. 20 ஆட்டங்களில் 13 வெற்றி, 4 சமன், 3 தோல்வி, அடித்த கோல் 48, வாங்கிய கோல் 28, மொத்தம் 43 புள்ளி. இரண்டாமிடம் பிடித்த கொல்கத்தா அணியான ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளிதான் இடைவெளி. அந்த மூன்று தோல்விகளையும் மறைத்துவிட்டால் பட்டம் ஏன் கடைசி நாள் வரை தள்ளிப்போனது என்பது படிக்கிற பையனுக்குப் புரியாது. கடைசிக்கு முந்தைய ஆட்டத்தில் சர்ச்சில் பிரதர்ஸிடம் தோற்றதால், 40 புள்ளியுடன் கடைசி நாளுக்கு வந்தது அணி. ஈஸ்ட் பெங்கால் 39-ல் இருந்தது. கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவை 2-1 என வென்று ஈஸ்ட் பெங்கால் 42-க்குப் போய்விட்டது. அதாவது கோவையில் ஆட்டம் சமனாகியிருந்தால் 41-தான் கிடைத்திருக்கும், பட்டம் கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். முந்தைய ஆண்டுச் சாம்பியனான மினெர்வா பஞ்சாப் மூன்றாவது நிமிடத்திலேயே கோல் போட்டுவிட்டது. இரண்டாம் பாதியில் பெனால்டியில் நம் அணியின் பெட்ரோ மான்சி சமன் செய்தார். பிறகு தடுப்பாட்டக்காரரான கௌரவ் போரா இரண்டு கோல் அடிக்க, ஆட்டம் 3-1. ஆறாவது கல்லில் இந்த வரிசை மாறாமல் இருக்கிறது. 48 கோலில் 21 கோல் மான்சி அடித்தவை என்றாலும், பட்டத்தை உறுதி செய்த கோல்கள் ஒரு தடுப்பாட்டக்காரரின் காலிலிருந்து வந்தன. பிள்ளைகள் அதைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே போராவின் பெயரை அந்தக் கல்லில் ஒரு அளவு பெரிய எழுத்தில் வெட்டச் சொன்னோம்.

இனி சுவர் வேலை. மதில் ஒன்பது அங்குலச் செங்கல் கட்டு. கல் பதிக்கும் பகுதி 18 அடி நீளம், ஏழரை அடி உயரம். தட்டிப் பார்த்தபோது தரையிலிருந்து இரண்டரை அடிவரை பழைய பூச்சு பொத்தென்று ஒலித்தது, உப்பும் பூத்திருந்தது. ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரைப் புல்லுக்குப் பாய்ச்சும்போது அது சுவரடியில் தேங்கி, செங்கலில் ஏறி, வெயிலில் காய்ந்து உப்பாக வெளியே தள்ளுகிறது. இதன்மேல் நேரடியாகக் கல் ஒட்டியிருந்தால் ஓரிரு மழைக்காலத்தில் பூச்சோடு சேர்ந்து கல்லும் கழன்றிருக்கும்.

ஆகவே மூன்றடி உயரத்துக்குப் பூச்சை முழுதாகக் கொத்தி எடுத்து, செங்கல் இடுக்குகளை அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டினோம். உப்பைக் கம்பி பிரஷால் உலர்ந்த நிலையிலேயே தேய்த்து எடுக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் செங்கலுக்குள் போய்விடும். இந்த இடத்தில் பல மதில் வேலைகள் கெடுகின்றன. மூன்றடிக்கு மேலே பூச்சு கெட்டியாக இருந்தாலும், பழசும் புதுசும் சேரும் கோடு கல்லுக்குப் பின்னால் வரக் கூடாது என்பதால் அதையும் எடுத்துவிட்டு, முழுப் பரப்புக்கும் ஒரே பூச்சாக 1:4 சிமென்ட்-மணல் கலவையில் 15 மி.மீ. பூசினோம். மணல், பூச்சு வேலைக்கான சலித்த பி-சாண்ட். நீர்த்தடுப்புத் திரவம் மூட்டைக்குச் சொல்லப்பட்ட அளவில் சேர்த்தோம். ஏழு நாள் தண்ணீர் தெளிப்பு, அதன்பின் மூன்று வாரம் காயவிட்டோம். காயும் முன்பே கல் ஏற்றிவிடலாம் என்று அவசரப்படுத்தியவர்களுக்கு ஒரே பதில்தான்: ஈரத்தைக் கல்லுக்குப் பின்னால் பூட்டி வைத்தால் அது வெளியே வர வழி தேடும், அந்த வழி கல்லின் இணைப்புகள்தான்.

சுவரடியில் இரண்டடி அகலத்துக்கு வெளிச்சரிவுள்ள கான்கிரீட் தளம் போட்டோம். மதில் உச்சியில் இரண்டு அங்குலம் முன்னே நீட்டிய மூடுபூச்சும், அதன் அடியில் தண்ணீர் சொட்டி விழும்படி ஒரு காடியும் (நீளப் பள்ளம்) உண்டு. அந்தக் காடி இல்லாவிட்டால் மழைநீர் உச்சியிலிருந்து வழிந்து நேராகக் கல்லின் முதுகுக்குப் போகும். கல் பதித்த முகம் மேற்கு பார்த்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு வரும் சாரல் அதில்தான் அறையும். எல்லாம் சேர்த்து சிமென்ட் ஐந்து மூட்டை ஆனது.

எழுத்து வேலையில்தான் அதிக நாள் போனது. உளியால் கொத்துவதா, மணல் வீச்சால் வெட்டுவதா என்று பார்த்து, ஏழு கல்லிலும் எழுத்து ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும் என்பதால் மணல் வீச்சைத் தேர்ந்தெடுத்தோம். கல்லின்மேல் தடித்த ஸ்டிக்கர் ஒட்டி, எழுத்து வரும் இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, அதன்மேல் மணலை வேகமாக வீசுவார்கள். திறந்த இடம் 2 மி.மீ. குழிகிறது. இந்த முறையில் தமிழுக்கென்றே இரண்டு தொல்லைகள். க, ச, வ போன்ற எழுத்துகளின் மூடிய வயிற்றில் ஒரு சின்னத் துண்டு ஸ்டிக்கர் தனித்தீவாக நிற்கும். வீச்சில் அது பறந்தால் வயிறு முழுக்கக் குழிந்து எழுத்தே தெரியாது. அடுத்தது மெய்யெழுத்தின் புள்ளி. 3 மி.மீ. துளைக்குள் மணல் சரியாக இறங்காது, குழி மேலாகவே நின்றுவிடும், பெயின்ட் பிடிக்காது. மாதிரித் துண்டில் வெட்டிப் பார்த்த பிறகு எழுத்தின் உயரத்தைக் குறைந்தது 28 மி.மீ. என்றும் புள்ளியை 5 மி.மீ. என்றும் வைத்தோம்.

அப்படியும் நான்காவது கல்லில் ஒரு பிழை வந்தது. ஸ்டிக்கரில் வெட்டிய புள்ளிகளை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்ட இடத்தில் கல் அப்படியே மழமழவென்று நிற்கும். பட்டியலின் தலைப்பில் 'புள்ளி' என்ற சொல்லிலேயே ள் மீதிருந்த புள்ளி விடுபட்டு, 'புளளி' என்று வந்திருந்தது. விடுபட்டதைச் சேர்ப்பது எளிது: சுற்றிலும் மறுபடி ஸ்டிக்கர் ஒட்டி, அந்த ஒரு துளைக்கு மட்டும் வீசினால் போதும். கூடுதலாக வந்த புள்ளியை அழிக்க முடியாது. அதனால் மீதிக் கற்களுக்கு வீச்சுக்கு முன் இரண்டு பேர் தனித்தனியே புள்ளிகளை எண்ணி, இரண்டு எண்ணிக்கையும் ஒத்தபிறகே வேலை தொடங்கியது.

கணினியிலிருந்து ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்துக்குப் போகும்போது எழுத்துரு மாறி, ஸ்ரீராம் என்ற பெயரின் 'ஸ்ரீ' மூன்று துண்டாகவும், கொம்பும் காலும் இடம் மாறியும் வந்தன. எழுத்துகளைக் கோட்டுருவமாக (எழுத்துருவைச் சாராத படமாக) மாற்றிக் கொடுத்தால் இந்தப் பிரச்சினை இல்லை. இனி பேனர் அடிக்கிறவர்களும் இதைக் கவனத்தில் வைக்கலாம்.

பெயர்களை எழுதுவதில் நாளிதழ்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்டன. மான்ஸி, மன்ஸி, மான்ஷி என்று மூன்று விதமாகக் கிடைத்தது. அவர் உருகுவேக்காரர். அவர் பெயரில் வரும் 'zi'-யை அங்கே நம் 'சி' போலத்தான் ஒலிப்பார்கள் என்பதால் மான்சி என்று முடிவு செய்தோம். நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரொட்ரிகெஸ், ராபர்டோ எஸ்லாவா, கோல்காப்பாளர் சந்தானா ஆகிய ஸ்பெயின்காரர்கள் பெயர்களும், எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித் குமார் என்று நம்மவர்கள் பெயர்களும் ஒரே அளவு எழுத்தில் இருக்கின்றன. தலைமைப் பயிற்சியாளர் சிங்கப்பூரின் அக்பர் நவாஸ். வெளிநாட்டவர் பெயர் மேலே, உள்ளூர்க்காரர் பெயர் கீழே என்ற யோசனையைக் குழு ஏற்கவில்லை. கோல் விழுந்த நிமிடங்களையும் பார்வையாளர் எண்ணிக்கையையும் வெட்டவில்லை. இரண்டு பதிவுகள் ஒத்துப்போகாத எதுவும் கல்லில் ஏறக் கூடாது என்பது தொடக்கத்திலேயே எடுத்த முடிவு. அதிகக் கோல் அடித்தவர் மான்சி மட்டும் அல்ல, சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் 21 கோல் அடித்தார். அந்தப் பெயரும் கல்லில் உண்டு.

எழுத்துக் குழியில் தங்க நிறம் வேண்டும் என்று பலர் கேட்டார்கள். மேற்கு வெயிலில் தங்க நிறம் சீக்கிரம் பழுப்பேறிவிடும். ஸ்டிக்கரை உரிக்கும் முன்பே பிரைமர் ஒரு கை, வெள்ளை எனாமல் இரண்டு கை என்று முடித்தோம்.

கல் ஒட்டும்போது நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். இது ஆடுகளத்தின் பக்கக் கோட்டுக்கு அருகிலுள்ள மதில், பந்து தினமும் மோதும். பசையை ஐந்து இடத்தில் உருண்டையாக வைத்துக் கல்லை அழுத்திவிடுவது வழக்கமான முறை. உருண்டைகளுக்கு நடுவே வெற்றிடம் இருக்கும், அந்த இடத்தில் பந்து பட்டால் 20 மி.மீ. கிரானைட்டும் விரிசல் விடும். அதனால் சுவரிலும் கல்லின் முதுகிலும் பல்கரண்டியால் பசை இழுத்து முழுப்பரப்பும் ஒட்டச் சொல்லியிருந்தோம். மறுநாள் ஒரு ரூபாய் நாணயத்தால் அரையடிக்கு ஒரு தட்டு என்று தட்டிப் பார்த்ததில், ஆறாவது கல்லின் கீழ்ப்பாதி மட்டும் குடம்போல ஒலித்தது. அங்கே பசையைச் சுவரில் மட்டும் இழுத்திருக்கிறார்கள். மேல்தோல் காய்ந்த பிறகு கல்லை வைத்திருக்கிறார்கள். கழற்றும்போது கல் குறுக்கே இரண்டாக உடைந்தது. மறு கல்லுக்கான விலையை ஒப்பந்தக்காரர் ஏற்றுக்கொண்டார். எழுத்துக் கூலியை நாம் கொடுத்தோம். பசை மூன்று மூட்டை போதும் என்று போட்ட கணக்கு நான்கானது.

கற்களுக்கு நடுவே 4 மி.மீ. இடைவெளி விட்டு நெகிழ்வான சீலன்ட் நிரப்பியிருக்கிறோம். கருங்கல் மாலை வெயிலில் நன்றாகச் சூடேறும். இடைவெளி இல்லாமல் முட்டி வைத்தால் விரியும்போது முனைகள் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். பசையை மட்டும் நம்பாமல் கல்லுக்கு நான்கு வீதம் 28 துருப்பிடிக்காத எஃகுப் பிடிப்பான்களும் சுவரில் முடுக்கப்பட்டுள்ளன.

இனி பராமரிப்பு. சுவரைத் துடைக்கத் தண்ணீரும் மெல்லிய சோப்பும் போதும். கழிப்பறை ஆசிட் பட்டால் சிமென்ட் பூச்சு அரிக்கும், பளபளப்பு போகும். கல்லில் போஸ்டரோ டேப்போ ஒட்ட வேண்டாம். புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாயின் முகம் சுவரிலிருந்து பத்தடி தள்ளியே இருக்கட்டும். ஒவ்வொரு ஆண்டும் ஐப்பசி மழைக்கு முன் நாணயத் தட்டுச் சோதனையும், சீலன்ட் எங்கேனும் விலகியிருக்கிறதா என்ற பார்வையும் வேண்டும். இந்த ஆண்டுக்கான பொறுப்பு மைதானத் துணைக்குழுவிடம் கொடுக்கப்பட்டுள்ளது.

உடைந்த ஆறாவது கல்லின் இரண்டு துண்டுகளையும் தண்ணீர்க் குழாயடியில் படியாகப் போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. கௌரவ் போராவின் பெயர் அதில் முழுதாக இருக்கிறது. பெயர் வெட்டிய கல் காலில் மிதிபடக் கூடாது என்பதால், பந்துகள் வைக்கும் அறையில் சுவரோரம் நிமிர்த்தி வைத்திருக்கிறோம்.