படிக்கட்டில் நின்ற எல்லோருக்கும்

அன்புள்ள அக்கம்பக்கத்தாருக்கு,

நேற்றிரவு மகனோடு வீடு வந்து சேர்ந்தோம். வெள்ளிக்கிழமை படிக்கட்டில் அவனுக்கு வலிப்பு வந்த கதையைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. நீங்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தீர்கள்.

தலையணை கொண்டுவந்தவர், லிஃப்டை நிறுத்தி வைத்தவர், சின்னவளை மூன்று இரவும் தன் வீட்டில் தூங்க வைத்தவர், படம் எடுக்கக் கைபேசியை நீட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்ததும் உள்ளே வைத்துக்கொண்டவர், எல்லோருக்கும் நன்றி. ஸ்பூனோடு ஓடி வந்த பெரியவருக்கும்தான். ஐயா, உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் வலிப்பு வந்தவர் நாக்கை விழுங்கிவிட மாட்டார். வாயில் எதையாவது வைத்தால் பல்தான் உடையும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலை அடிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மூன்றாம் மாடிப் பையன். அவன் அம்மாவைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அவனுக்கு ஏடிஹெச்டி, அதாவது கவனம் சிதறும், ஓரிடத்தில் சும்மா இருப்பது கஷ்டம். படிக்கட்டில் தடதடவென ஓடுகிறான், என் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அழுகிறான் என்று இரண்டு தடவை நானே புகார் சொல்லியிருக்கிறேன். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குச் சத்தம் எவ்வளவு வேதனை தெரியுமா என்று அவன் அம்மாவிடம் கேட்டேன். ஓடாமல் இருப்பது அவனுக்கு எவ்வளவு வேதனை என்று கேட்கத் தோன்றவில்லை.

சில மாதங்களுக்கு முன் என்னை மடக்கிக் கேள்வி மேல் கேள்வி கேட்டான். ஃபிட்ஸ் வந்தா ஏன் மணி பார்க்கணும்? ஏன் அஞ்சு நிமிஷம்? அதற்கு மேல் போனால் தானாக நிற்பது கஷ்டம், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லி முடிப்பதற்குள் ஓடிவிட்டான். சரி, காதில் ஏறவில்லை என்று நினைத்தேன்.

ஏறியிருக்கிறது. வெள்ளிக்கிழமை நான் கதறிக்கொண்டிருந்தபோது அவன் சுவரோரம், ஒரு காலை ஆட்டியபடி, கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "யாரும் தொடாதீங்க, சத்தம் போடாதீங்க" என்று ஊரே கேட்கக் கத்தியதும் அவன்தான். கிளம்பும்போது என் கையில் எதையோ திணித்தான்.

எவ்வளவு நேரம் நீடித்தது, எங்கே தொடங்கியது என்று மருத்துவர் கேட்டார். எனக்கு அரைமணி நேரம் போல இருந்தது. கையை விரித்தேன். நோட்டில் கிழித்த தாள்: "6.42 வலது கை. அப்புறம் உடம்பு முழுசா. 6.46 நின்னுடுச்சு."

மருத்துவர் அதை இரண்டு முறை படித்தார். வலது கையில் தொடங்கினால் மூளையின் இடப்பக்கத்தில் தொடங்கியிருக்கலாம் என்றார். அந்தத் தாளைக் கோப்பிலேயே வைத்துக்கொண்டார்.

நேற்றிரவு அவன் அம்மாவோடு பேசினேன். இனி புகார் இல்லை. ஓடுவதற்கு முன் கதவைத் தட்டிச் சொல்லட்டும், என் மகனுக்கு ஹெட்போன் மாட்டிவிடுகிறேன் என்றேன்.

இன்று காலை கதவு தட்டும் சத்தம். நலம் விசாரிக்க வந்திருக்கிறான் என்று நினைத்துத் திறந்தேன்.

"ஆன்ட்டி, ஓடப் போறேன்."

நன்றியுடன்,
முதல் மாடி அம்மா