லஹானிலிருந்து அப்பாவுக்கு

லஹான், சிராஹா மாவட்டம், நேபாளம்
பொங்கல் முடிந்து நாலாம் நாள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? போன வாரம் போன்ல நீங்க கேட்டதுக்கெல்லாம் "அப்புறம் சொல்றேம்ப்பா"ன்னு சொல்லி வெச்சுட்டேன். ராத்திரி படுத்தா அந்தக் கேள்விகள்தான் காதுல நிக்குது. "அங்க ஆறு எது? கலெக்டர் எங்க உக்காருவாரு? நிலத்தை எந்தக் கணக்குல அளக்குறாங்க?" காலமெல்லாம் கிராமக் கணக்கு எழுதினவர் வேற எதைக் கேப்பீங்க. நின்னுக்கிட்டே போன்ல சொல்ற விஷயம் இல்லை, அதான் உக்காந்து எழுதுறேன்.

இங்க சூரியனைப் பார்த்துப் பத்து நாளாச்சு. நேபாளம்னதும் சித்தி "பனி கொட்டுமாமே"ன்னு கேட்டாங்கல்ல, அந்தப் பனி இங்க கிடையாது. மூடுபனிதான். எதிர்வீட்டு வேப்பமரம் மதியம்தான் கண்ணுக்குத் தெரியுது. இதுக்கு சீத்லஹர்னு பேரு, குளிர் அலை. வைக்கோலையும் சருகையும் கூட்டிக் கொளுத்தி, வாசல்ல வட்டமா உக்காந்து கைகாட்டிக்கிட்டே ஊர்க்கதை பேசுறாங்க. மே மாசம் வந்தா இதே ஊர்ல நாப்பது டிகிரி கொளுத்தும். மாவட்டத்தோட தாழ்ந்த இடம் கடல்மட்டத்துக்கு மேல 76 மீட்டர்தான். நம்ம மதுரையே இதைவிட மேட்டுல இருக்கு.

மேப்புல பார்த்தீங்கன்னா வடக்க சுரே குன்றுகள், தெற்க பீகாரோட மதுபனி மாவட்டம், மேற்க கமலா ஆறு, கிழக்க பலான் ஆறு. இந்த நாலுக்கும் நடுவுல 1,188 சதுர கிலோமீட்டர், 2021 கணக்கெடுப்புப்படி 7,39,953 ஜனங்க. சுரேயை ஒட்டின வடக்குப் பகுதி காடும் கல்லும். நடுவுல மகேந்திர நெடுஞ்சாலை குறுக்கே ஓடுது. லஹான், கோல்பஜார், மிர்ச்சையா மூணும் அந்த ரோட்டு மேலயே வளர்ந்த ஊர்கள். ரோட்டுக்குத் தெற்க இறங்கினா எல்லை வரைக்கும் நெல்வயல், மாந்தோப்பு, மூங்கில் புதர், ஊருக்கு ஊர் குளம். குளத்துக்குப் போக்ரின்னு பேரு. மீன் இல்லாம இங்க விருந்தே இல்லை.

ஆறுகளைப் பத்திச் சொன்னா உங்களுக்கு உடனே புரியும். கமலா நல்ல பெரிய ஆறு, அதைத் தாயாக் கும்பிடுறாங்க. மத்ததெல்லாம் சுரேயில் மழை பெஞ்சா ஒரு மணி நேரத்துல ஆளை இழுக்கிற மாதிரி வந்து, மறுநாள் கால் நனைய நடந்து போற மாதிரி வத்திடுற காட்டாறுகள். அந்தக் குன்று இறுகாத மண். மேல மரத்தை வெட்டி, ஜல்லி அள்ளி, அதைப் புண்ணாக்கிட்டாங்க. இப்ப மழைத்தண்ணியோட மணல் இறங்கி ஆத்துப் படுகை வருஷா வருஷம் மேடேறுது, வெள்ளம் வயலுக்குள்ள திரும்புது. நெல்லு விளைஞ்ச நிலத்துல முழங்கால் அளவு மணல் கிடக்கிறதை ஐப்பசியில் பார்த்தேன். அந்த வீட்டுக்காரர் ஒரு பிடி மணலை அள்ளி, விரல் இடுக்குல வழியவிட்டு, பேசாம நின்னார். நம்ம வைகையில மணலையே காணோம்னு நீங்க புலம்புவீங்களே, இங்க மணல் வந்து விழுந்து நிலம் போச்சுன்னு புலம்புறாங்க.

பேசுற பாஷை மைதிலி. ஆமா, கம்பர் சீதையைக் கூப்பிட்ட அதே பேரு. நம்ம பக்கம் பொண்ணுங்களுக்கு வைக்கிற பேர்ல இங்க ஒரு நாடே பேசுது! சீதை பிறந்த ஊருன்னு கும்பிடுற ஜனக்பூர் பக்கத்து மாவட்டத்துலதான் இருக்கு. நேபாளத்துல நேபாளிக்கு அடுத்தபடியா அதிகம் பேர் பேசுறது மைதிலிதான். எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே பாஷை, 2003-ல இந்திய அரசியல் சட்டத்தோட எட்டாவது அட்டவணையில சேர்த்தாங்க. பெரியவங்களை "அஹாங்"னு, இன்னும் மரியாதைன்னா "அப்னே"ன்னு கூப்பிடணும். யாரைப் பத்திப் பேசுறோமோ அவங்க மரியாதையும் வினைச்சொல்லுக்குள்ள வந்து உக்காந்துக்கும். அதை இன்னும் தடுமாறித்தான் பேசுறேன். ஆனா நோயாளிகிட்ட "கீ பேல்?"னு கேட்டு, என்ன ஆச்சுன்னு விசாரிக்கிற அளவுக்கு வந்துட்டேன்.

வேலை செய்யிற இடம் சகர்மாதா சௌதரி கண் மருத்துவமனை. 1983-ல ஆரம்பிச்சது. வர்றவங்கள்ல பெரும்பாதி பீகார்க்காரங்க. எல்லை திறந்த எல்லை, தாடிங்கிற எல்லை ஊர் வழியாவும் பீகார்ப் பக்கத்து ஜெயநகர் வழியாவும் பாட்டிகளைப் பேரன்கள் தாங்கிப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றாங்க. மதுரையில கத்துக்கிட்ட வேலைதான், கண்ணுல சொட்டு விடுற விரலும் அதேதான்.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். கலெக்டர் மாதிரி இங்க பிரமுக் ஜில்லா அதிகாரி, எல்லாரும் சிடிஓன்னுதான் சொல்றாங்க. அவர் உக்கார்றது லஹான்ல இல்லை, எல்லையோரத்து சிராஹா ஊர்ல. அதுதான் தலைமையிடம். கடைத்தெருவும் கூட்டமும் லஹான்ல. குடியுரிமைச் சான்று, பாஸ்போர்ட், சட்டம் ஒழுங்கு அவர் கையில. ஆனா ஜனங்களுக்குப் பக்கத்து அரசாங்கம் பாலிகாங்கிற உள்ளாட்சிதான். 2015 அரசியல் சட்டத்துக்கு அப்புறம் பழைய கிராம கமிட்டிகளை 2017-ல கலைச்சு, நாடு முழுக்க 753 உள்ளாட்சிகளாக்கினாங்க. சிராஹாவுக்கு 17: எட்டு நகரபாலிகா, ஒன்பது கிராமபாலிகா. ஒவ்வொண்ணும் வார்டு வார்டாப் பிரியும். வார்டு கமிட்டியில தலைவரோட நாலு உறுப்பினர், அதுல ரெண்டு பேர் பெண்கள், அந்த ரெண்டுல ஒருத்தர் தலித் பெண்ணா இருக்கணும். தலைவர், துணைத்தலைவர்னு ரெண்டு பதவிக்கும் ஒரு கட்சி ஆள் நிறுத்தினா அதுல ஒருத்தர் பெண்ணா இருக்கணும்னு சட்டம். அதனால துணைத்தலைவர் நாற்காலியில பெரும்பாலும் பெண்கள். வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு தீர்க்கிற நீதிக் குழுவுக்கும் அவங்கதான் தலைவி. தலைக்கு முக்காடு போட்ட ஒரு அம்மா நடுவுல உக்காந்து ரெண்டு அண்ணன் தம்பியை அதட்டுறதைப் பார்த்தேன். நீங்க பார்த்திருக்கணும்ப்பா.

நிலக்கணக்கு பீகா, கட்டா, தூர். 20 தூர் ஒரு கட்டா, 20 கட்டா ஒரு பீகா. ஒரு பீகா நம்ம கணக்குல ஒரு ஏக்கர் 67 சென்ட், கட்டா எட்டு சென்ட்டும் கொஞ்சமும். நம்ம பட்டா மாதிரி இங்க லால்புர்ஜா. அதை மாத்த மால்போத் ஆபீஸ், அளக்க நாப்பி ஆபீஸ்.

ஆனா காகிதம் இங்க எவ்வளவு கனம்னு ஒரு நாள் வார்டு ஆபீஸ்ல உக்காந்தப்பதான் தெரிஞ்சது. நான் குடியிருக்கிற வீட்டுக்கார அம்மாவை காகின்னுதான் கூப்பிடுறேன், சித்தின்னு அர்த்தம். அவங்க மருமக மதுபனி பக்கத்துப் பொண்ணு. எல்லை தாண்டிப் பொண்ணு எடுக்கிறது, குடுக்கிறது இங்க தலைமுறை தலைமுறையா நடக்குது. புருஷன் கத்தார்ல. குழந்தை பிறந்தா 35 நாளுக்குள்ள பதிஞ்சிடணும். இவங்க கல்யாணமே பதியலை, அதுக்குப் புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து வரணும். மூணு தடவை திருப்பி அனுப்பினாங்க. ஒரு தடவை தேதி சரியில்லை: பொண்ணு வீட்டுப் பத்திரிகையில இங்கிலீஷ் தேதி, இங்க விக்கிரம ஆண்டு, அது 57 வருஷம் முன்னாடி ஓடுது. நாலாவது தடவை மாமனாரே குடும்பத் தலைவரா வந்து விரல்ரேகை வெச்சார். மை காயாத கட்டைவிரலை வேட்டியில படாம தூக்கிப் பிடிச்சுக்கிட்டே வீடு வரைக்கும் நடந்தார். 33-வது நாள். குழந்தைக்குக் காகிதம் வந்திடுச்சு, அம்மாவுக்கு இன்னும் இல்லை. அவ குடியுரிமைக்கு மனு போடணும்னா முதல்ல புருஷன் லீவுல வந்து கல்யாணம் பதியணும். நீங்க சர்வீஸ்ல இருந்தப்ப ராத்திரி எட்டு மணிக்கும் வீட்டுத் திண்ணையில யாராவது சான்றிதழுக்கு உக்காந்திருப்பாங்களே, அம்மா அவங்களுக்கும் சேர்த்து காபி போடுவாங்களே. அது ஏன்னு அந்த பெஞ்சுல உக்காந்தப்ப புரிஞ்சது.

இந்தத் தெருவுல பாதி வீட்டு ஆம்பளைங்க கத்தார், சவுதி, மலேசியா. நடவுக்குப் பொம்பளைங்கதான். யாதவர்கள் அதிகம். முஸ்லிம்கள், கொய்ரி, தேலி, தானுக், வடக்க தாரு மக்கள். நிலமே இல்லாத முசஹர், துசாத், சமார் சாதிக்காரங்க ஊர் ஓரத்துல. கடனுக்காகத் தலைமுறையா ஏர் ஓட்டின ஹருவா, மாடு மேய்ச்ச சருவா ஆட்களுக்கு விடுதலைன்னு 2022 ஜூலையில அரசாங்கம் அறிவிச்சது. அறிவிச்சாச்சு, ஆனா குடியிருக்கிற மண்ணு இன்னும் பண்ணைக்காரர் பேர்லதான் இருக்குன்னு ஒரு பாட்டி கண்ணுக்குக் கட்டுப் போடுறப்ப சொன்னாங்க. நம்ம பண்ணையாள் கதைதான்ப்பா, பேருதான் வேற.

மலைக்காரங்க நாட்டுல தங்களுக்கு இடமில்லைன்னு இந்தச் சமவெளி ஜனங்க எழுந்ததும் இந்த லஹான்லதான். 2007 ஜனவரி 19-ம் தேதி இந்த நெடுஞ்சாலையில 16 வயசுப் பையன் ரமேஷ் மஹதோ சுட்டுக் கொல்லப்பட்டான். அதுக்கப்புறம்தான் மதேஷ்னு சொல்ற இந்தச் சமவெளி முழுக்கப் பத்திக்கிச்சு, கூட்டாட்சின்னு சட்டத்துல எழுதினாங்க. இப்ப எட்டு மாவட்டம் சேர்ந்த மாகாணத்துக்கு மதேஷ்னே பேரு, 2022-ல வெச்சாங்க. பஸ்ல அந்த ரோட்டைத் தாண்டுறப்பல்லாம் அந்தப் பையன் வயசு மனசுல வரும்.

அம்மாகிட்டச் சொல்லுங்க: அரிசியை ஊறவெச்சு அரைச்ச மாவுல இங்கயும் விரலால கோலம் போடுறாங்க, அரிபன்னு பேரு. துசாத் மக்கள் சாமி சல்ஹேஷ் ராஜா, யானை மேல உக்காந்திருப்பார், தம்பிமார் குதிரை மேல. கோயில்ல சுட்ட மண் குதிரையை நேர்ந்து வைக்கிறதைப் பார்த்ததும் எனக்கு நம்ம ஊர் அய்யனார் கோயில் வாசல்ல நிக்கிற மாதிரியே இருந்தது. கொஞ்ச நேரம் அங்கயே உக்காந்துட்டேன்.

பொங்கலன்னிக்கு இங்க தில சங்கராந்தி. காலைல குளிச்சிட்டு வந்ததும் காகி கூப்பிட்டு, எள்ளும் வெல்லமும் அரிசியும் கலந்து என் உள்ளங்கையில வெச்சாங்க. நம்ம பக்கம் எள்ளைக் கையில குடுக்க மாட்டோமே, எனக்குத் திக்குன்னு ஆச்சு. "தில் பஹபே?"ன்னு கேட்டாங்க. எள்ளைச் சுமப்பியான்னு அர்த்தம். வயசான காலத்துல என்னைப் பார்த்துக்குவியான்னு பெத்தவங்க பிள்ளைகிட்ட மூணு தடவை கேட்பாங்களாம், பிள்ளை மூணு தடவை சரின்னு சொல்லணுமாம். தன் மகன் கத்தார்ல இருக்கிறதால என்கிட்ட கேட்டாங்க. சரின்னு சொன்னேன். சொல்றப்ப நினைப்பெல்லாம் உங்க ரெண்டு பேர் மேலதான். அன்னிக்கு உங்களுக்குப் போன் பண்ணினேனே, ஒண்ணும் பேசாம "சாப்டீங்களா"ன்னு மட்டும் கேட்டேனே, இதனாலதான்.

இன்னும் ரெண்டு வருஷம் இங்கயே இருக்கலாம்னு கையெழுத்துப் போட்டுட்டேன். கோபப்படாதீங்க. அதுக்குப் பதிலா நீங்க ரெண்டு பேரும் சித்திரைக்கு இங்க வாங்க. நமக்கும் இவங்களுக்கும் வருஷப் பிறப்பு ஒரே சமயத்துலதான். அன்னிக்கு லஹான் பக்கத்துல சல்ஹேஷ் பூந்தோட்டத்துல திருவிழா. மாலை மாதிரி ஒரு பூ அந்த ஒரு நாள்தான் மரத்துல பூக்கும்னு சொல்லி ஜனங்க குவியுறாங்க. மறுநாள் ஜூட்சீதல். பெரியவங்க விடியக்காலைல சின்னவங்க தலையில குளிர்ந்த தண்ணி ஊத்தி வாழ்த்துவாங்க. நீங்க ஊத்துங்க.

சென்னை வழியா தர்பங்கா போற பாக்மதி எக்ஸ்பிரஸ் ஏறுங்க. தர்பங்காவிலிருந்து ஜெயநகருக்கு லோக்கல் ரயில் இருக்கு, அங்க நான் வந்து நிப்பேன். விசா வேண்டாம், வாக்காளர் அட்டையை மறக்காம எடுத்துக்கங்க. வெத்தலை சோழவந்தான்லேர்ந்து சுமக்காதீங்க, இவங்க பான் போடாம எந்திரிக்கவே மாட்டாங்க, இங்க நிறையக் கிடைக்கும். காபித்தூள் மட்டும் ஒரு கிலோ, சிக்கரி கலக்காதது. அம்மாவுக்கு ஸ்வெட்டர் வேண்டாம், அப்ப வெயில் வந்திடும்.

உங்க அன்பு மகள்